கதையின் தொடக்கம் ஒட்டாதபோது: அறிகுறிகளும் அவற்றின் காரணங்களும்

கதையின் முதல் பக்கம் சரியாக அமையவில்லை என்று தெரிந்ததும், எழுதுபவர் பெரும்பாலும் முதல் வாக்கியத்தில்தான் கை வைக்கிறார். பலமுறை மாற்றி எழுதிய பிறகும் பக்கம் பழையபடியே கிடக்கிறது. ஏனெனில் கோளாறு அந்த வாக்கியத்தில் இருப்பது அரிது. கதை எந்தக் கணத்தில் தொடங்குகிறது, யாருடைய பார்வையில் தொடங்குகிறது, எந்தத் தகவல் எந்த இடத்தில் வாசகருக்குக் கிடைக்கிறது என்னும் மூன்றையும் இதே வரிசையில் சரிபார்த்துவிட்டு, மொழியைக் கடைசியாகத் தொடுவதே உழைப்பை மிச்சப்படுத்தும். கணம் தவறாக இருக்கும்போது வாக்கியத்துக்கு ஏற்றும் மெருகு பின்னர் வெட்டுக்குத்தான் போகும். நன்றாக வந்துவிட்ட ஒரு வாக்கியத்தை இழக்க மனமில்லாமல் தவறான கணத்தையே கட்டிக்கொண்டு அழுபவர்களும் உண்டு.

வரைவைப் படித்துப் பார்க்கும் நண்பர்கள் சொல்வது அறிகுறியை மட்டுமே. காரணத்தை அவர்கள் சொல்ல வேண்டியதில்லை, சொன்னாலும் அது பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. ஆகவே கீழே அவர்கள் வழக்கமாகச் சொல்லும் சொற்களையே தலைப்புகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன இருக்கக்கூடும் என்று பார்க்கலாம். விளக்கத்துக்கு ஒரே கதையை வைத்துக்கொள்வோம். கோபிசெட்டிபாளையம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தந்தை விட்டுச்சென்ற வீட்டில் தனக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்காக, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மரகதம் என்ற பெண் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருகிறாள். அண்ணன் பெயர் பழனிச்சாமி. கதை இவ்வளவுதான்.

“முதல் பக்கம் இழுக்கிறது, அப்புறம் நன்றாகப் போகிறது”

மிகப் பரவலான கோளாறு இது. வரைவு ஏறத்தாழ இப்படித் தொடங்கியிருக்கும்:

“கிழக்கு வெளுத்திருந்தது. எங்கோ ஒரு சேவல் கூவியது. மரகதம் கண்விழித்துச் சோம்பல் முறித்தாள். அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டாள். இன்று அவள் ஊருக்குப் போக வேண்டும். ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் பத்து மணிக்குள் போய்ச் சேர முடியும்.”

இந்தப் பத்தியில் பிழையான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இது மரகதத்துக்கு விடிந்த காலை என்பதைவிட, எழுதுபவர் கதைக்குள் நுழைவதற்குத் தனக்கென்று எடுத்துக்கொண்ட காலை என்றே சொல்ல வேண்டும். எழுதும்போது இந்த நுழைவு தேவைப்படலாம். அதை வாசகர் முன்னால் செய்துகாட்ட வேண்டியதில்லை. சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் கதைகளில் விடியலும் அலாரமும் எத்தனை என்று நடுவர்களைக் கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும்.

சரிபார்க்க ஒரு வெள்ளைத் தாள் போதும். முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படிக்க வேண்டும். பிறகு இரண்டையும் மூடிவிட்டு மூன்றாவதிலிருந்து படிக்க வேண்டும். எந்த இடத்திலிருந்து படிக்கும்போது முதன்முறையாக ஏதாவது புரியாமல் போகிறதோ அங்கே நிறுத்தி, புரியாமல்போனது எது என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அந்தக் காகிதத்தில் ஒரு பெயரும், ஓர் உறவும், அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்பதும் மட்டுமே இருக்கும். இரண்டு பக்கங்களில் புதிய தொடக்கத்துக்கு எடுத்துச்செல்ல வேண்டிய சுமை அவ்வளவுதான்.

அடுத்து, கணத்தைத் தேர்வது. பேருந்துப் பயணத்தில் தொடங்கினால் முன்கூட்டியே வந்துவிடுகிறோம். கையெழுத்து விழுந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடுகிறது. கதாபாத்திரத்தின் முன் இரண்டு வழிகள் இன்னும் திறந்திருக்கும் கடைசி நேரத்தை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால் நிற்பதே நல்ல இடம். மரகதத்தின் கதையில் பத்திரம் தட்டச்சாகி வந்துவிட்டது, டோக்கன் எண்ணை இன்னும் அழைக்கவில்லை, பத்திர எழுத்தர் மேசையில் தாள்களை விரித்து வைத்திருக்கிறார் என்னும் இடைவெளி அதற்கு ஏற்றது.

““கண்ணாடியக் கொண்டு வரலீங்கண்ணா” என்றாள் மரகதம். பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் கையெழுத்திட வேண்டிய இடத்தில் விரலை வைத்திருந்த பழனிச்சாமியின் பார்வை அவள் மடியிலிருந்த பைக்குப் போனது. கண்ணாடிக் கூட்டின் பச்சை முனை பையின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “பரவால்லீங்கம்மா, நான் படிச்சுச் சொல்றேன்” என்றார் பத்திர எழுத்தர்.”

வீடு, தந்தை, பங்கு ஆகிய எதுவும் இங்கே சொல்லப்படவில்லை. ஆனால் உறவு முதல் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. ஒருத்தி சிறிய பொய் ஒன்றைச் சொல்கிறாள், அது பொய் என்று அண்ணனுக்குத் தெரிகிறது, தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை, மூன்றாம் மனிதருக்கு எதுவுமே தெரியவில்லை. அவள் ஏன் தாமதப்படுத்துகிறாள் என்று வாசகர் கேட்கத் தொடங்கிவிட்டால், குடும்ப வரலாறு அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்து சேரும். கேள்வி எழுவதற்கு முன்னால் வந்தால் அதே வரலாறு பாரமாகிவிடும். இந்தக் கட்டுரையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதால் விளைபவை.

நடுவிலிருந்து தொடங்குவதைச் சட்டமாக்கிக்கொள்ளத் தேவையில்லை. ட்ராய்ப் போரின் கதையை அதற்குக் காரணமான ஹெலன் பிறந்த முட்டையிலிருந்து தொடங்காததற்காக ரோமானியக் கவிஞர் ஹோரஸ் ஹோமரைப் பாராட்டினார் என்பது உண்மை. ஹோமரின் இலியட் போரின் பத்தாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. ஆனால் சிலப்பதிகாரம் திருமணத்திலிருந்தே தொடங்குகிறது. கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு வயது என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறது. அது தொய்வடையாததற்குக் காரணம் அந்த முதல் பகுதியான மங்கல வாழ்த்துக்குள்ளேயே இருக்கிறது. காதலர் பிரியாதிருக்கட்டும், அணைத்த கை நெகிழாதிருக்கட்டும் என்று பெண்கள் வாழ்த்துகிறார்கள்; காப்பியத்தில் முறியப்போவது அந்த வாழ்த்தேதான். காலத்தால் முன்னதாகத் தொடங்குவது பிழையாகாது. பின்னால் உடையப்போகும் பொருள் அந்தத் தொடக்கத்தில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

“யார் யார் என்று குழம்பிவிட்டேன்”

முதல் பக்கத்தில் மரகதம், பழனிச்சாமி, அவர் மனைவி சரசு, மகன் பிரபு, மறைந்த தந்தை பொன்னுச்சாமி, சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பக்கத்து வீட்டுப் பழனியப்பன் ஆகிய அனைவரும் வந்துவிட்டால், கல்யாண மண்டப வாசலில் நின்று ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைப்பது போலாகிவிடும். பந்தி முடிவதற்குள் ஒரு பெயரும் நினைவிருக்காது. ஒவ்வொரு பெயரையும் வட்டமிட்டு, அந்த மனிதர் அந்தப் பக்கத்தில் ஏதாவது செய்கிறாரா என்று பார்க்க வேண்டும். எதுவும் செய்யாதவரின் பெயரை எடுத்துவிடலாம்.

தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு. அண்ணி, மச்சான், சித்தி, பெரியப்பா போன்ற சொற்கள் பெயரையும் உறவையும் ஒருசேரச் சுமப்பதால், சரசு என்ற பெயரை முதல் பக்கத்தில் தர வேண்டியதே இல்லை, ‘அண்ணி’ போதும். ஆனால் இதே வசதிதான் இன்னொரு குழப்பத்துக்கும் காரணமாகிறது. கதைசொல்லி ஒரு பத்தியில் ‘பழனிச்சாமி’ என்றும் அடுத்த பத்தியில் ‘அண்ணன்’ என்றும் எழுதினால், வாசகர் இரண்டு ஆட்களை எண்ணிக்கொள்வார். உறவுச்சொல் யாரை மையமாகக் கொண்டு நிற்கிறது என்பதை முதல் பத்தியிலேயே முடிவு செய்து, அந்த மையத்தைப் பக்கம் முழுவதும் காக்க வேண்டும். பழனிச்சாமி, பழனியப்பன் என ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களில் ஒன்றை மாற்றிவிடுவது அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டதால் வாசகர்கள் பாதியில் கைவிட்ட கதைகள் நிறைய இருக்கும்.

“வர்ணனை நன்றாக இருந்தது” என்று சொல்லிவிட்டு வேறெதையும் சொல்லாமை

இந்தப் பாராட்டைக் கவலையோடுதான் கேட்க வேண்டும். அலுவலகக் கட்டடம், முற்றத்து வேப்பமரம், பத்திர எழுத்தர்களின் தகரக் கொட்டகைகள், ஜெராக்ஸ் கடை, தேநீர்க் கடை என்று ஒரு பக்கம் அழகாக எழுதப்பட்டிருக்கும். அங்கே நிற்பவர் யாரும் இருக்கமாட்டார்.

இடமும் காலமும் கதைக்கு அடித்தளம் என்பது நம் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றே பெயரிட்டு அழைக்கிறது. ஆனால் அதே நூல் முதல், கரு (அந்த நிலத்துக்குரிய மரம், விலங்கு, தொழில் போன்றவை), உரி (அங்கே நிகழும் மன உணர்வு) என்னும் மூன்றும் பாட்டுக்குள் வரும்போது முறையே சிறந்தவை என்றும் சொல்கிறது. முதலைவிடக் கருப்பொருளும், கருவைவிட உரிப்பொருளும் சிறந்தது என்று உரையாசிரியர்கள் அதை விளக்குகிறார்கள். பிரிவோ ஊடலோ இரங்கலோ இல்லாமல் பாலையும் மருதமும் நெய்தலும் வெறும் நிலப்பரப்புகளே. முதல் பக்கத்து வர்ணனையைத் திருத்துவதற்கு இதைவிடக் கூர்மையான அளவுகோல் கிடைப்பது கடினம்.

செய்முறை எளிது. வர்ணனையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் எடுத்து, மரகதத்துக்கு இப்போது அதனோடு என்ன காரியம் என்று கேட்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டையின் நகல் எடுக்க இரண்டாவது முறையாக அவளை அனுப்புகிறார்கள் என்றால் அந்தக் கடை கதைக்குள் வந்துவிடுகிறது. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு பழனிச்சாமி யாருக்கோ அலைபேசியில் “அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்” என்று சொல்வது அவள் காதில் விழுகிறது என்றால் மரமும் வந்துவிடுகிறது. காரியமில்லாத பொருள்கள் தாமாக உதிர்ந்துவிடும்.

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் தொடக்கம் இதற்கு நல்ல சான்று. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் ஒருவர் நிற்கிறார். சந்தி எப்படி இருந்தது என்ற வர்ணனை இல்லை. டிராமில் போனால் மிஞ்சும் காசுக்கு வெற்றிலை பாக்கு, பஸ்ஸில் நடத்துநரை ஏய்த்துப் போனால் அரைக் கப் காப்பி என்று அவர் போடும் கணக்கிலேயே நகரமும் அவருடைய பையின் கனமும் நாணயமும் தெரிந்துவிடுகின்றன. கடவுள் வந்து வழி கேட்பதற்கு முன்பே நாம் அந்த ஆளை அறிந்துவிட்டோம். அதனால்தான் கடவுளோடு அவர் பேசும் தோரணை நமக்கு வியப்பாக இருப்பதில்லை.

“பின்கதை வந்ததும் விட்டுவிட்டேன்”

தொடக்கம் சரியான கணத்தில் அமைந்துவிடும். மூன்றாம் பத்தியில் “அவள் நினைவுகள் பின்னோக்கிச் சென்றன” என்று எழுதப்பட்டிருக்கும். அதன்பின் இரண்டு பக்கங்களுக்குத் தந்தையின் மரணம், மரகதத்தின் திருமணம், சீர்வரிசை, கணவரின் கடன் எல்லாம் வரிசையாக வரும். கண்ணாடிக் கூடு பையின் வாயில் அப்படியே நிற்கும். பத்திர எழுத்தர் வாயைத் திறந்தபடி காத்திருப்பார்.

கண்டுபிடிக்க, முதல் மூன்று பக்கங்களில் ‘முன்பு’, ‘அப்போது’, ‘அந்த நாட்களில்’, ‘-இருந்தாள்’ என்று முடியும் நிறைவுற்ற இறந்தகால வினைகள் ஆகியவற்றின் கீழ் கோடிட்டுப் பார்க்கலாம். கோடுகள் தொடர்ந்து ஐந்தாறு வரிகளுக்கு மேல் நீண்டால் கதை நின்றுபோய்விட்டது என்று பொருள்.

பின்கதையை முழுவதும் நீக்கச் சொல்வது மோசமான அறிவுரை. மரகதத்தின் தயக்கத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதைத் துண்டுகளாக்கி, நிகழ்காலத்தில் ஏதாவதொன்று அந்தத் துண்டை வெளியே இழுக்கும்போது மட்டும் தர வேண்டும். பத்திர எழுத்தர் வாசிக்கத் தொடங்குகிறார். சொத்து விவரத்தில் கிழக்கு மேற்கு அளவுகள் வருகின்றன. கிணற்றைச் சேர்த்தா சேர்க்காமலா என்று மரகதம் கேட்கிறாள். அந்தக் கிணற்றடி பற்றி இரண்டு வரிகள் இப்போது வரலாம், ஏனெனில் அதை அவளே கேட்டிருக்கிறாள். கூடுதலாக ஒரு நன்மையும் உண்டு: கடந்தகாலத்தைப் பற்றி அண்ணனுக்கும் தங்கைக்கும் கருத்து வேறுபாடு இருந்தால், அது தகவலாக இல்லாமல் நிகழ்ச்சியாகிவிடும். “தொண்ணூத்தி ரெண்டுலயே உனக்குப் பத்துப் பவுன் போட்டமில்ல” என்று அவர் சொல்லி, “எட்டுங்கண்ணா” என்று அவள் திருத்தினால், திருமணச் செலவின் வரலாறு முழுவதும் இரண்டு பவுன் வித்தியாசத்தில் நிற்கும்.

இங்கே தவிர்க்க வேண்டிய மாற்று வழி ஒன்று உண்டு. நினைவோட்டத்தை வெட்டிவிட்டு அதையே உரையாடலில் திணிப்பது: “உங்களுக்குத்தான் தெரியுமேண்ணா, அப்பா தவறிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு, அம்மா அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க.” இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் இன்னொருவரிடம் சொன்னால், அது வாசகரின் காதில் ஓதப்படுவது பளிச்சென்று தெரிந்துவிடும்.

“தொடக்கம் பிரமாதம், அப்புறம் காற்று போய்விட்டது”

எழுதுபவர் கவனத்தை ஈர்க்க வேண்டும் என்ற அறிவுரையை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டிருப்பார். மரகதத்தின் கதை, இரத்தவெள்ளத்தில் கிடக்கும் பழனிச்சாமியோடு தொடங்கும். ஒரு பக்கம் கழித்து அது அவள் பேருந்தில் கண்ட கனவு என்று தெரியவரும். வாசகர் ஏமாற்றப்பட்டதற்காகக் கோபப்படுகிறார் என்பதைவிட, அடுத்து வரும் பத்திரப்பதிவு எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருந்தாலும் கொலைக்குப் பக்கத்தில் அது சப்பென்றுதான் இருக்கும் என்பதே பெரிய இழப்பு.

முதல் பக்கம் எழுப்பும் கேள்வியை ஒரு வரியில் எழுதி, கதையின் கடைசிப் பக்கம் தரும் பதிலை அதன் கீழே எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை என்றால் ஈர்ப்பு போலியானது. அதிர்ச்சியே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. காஃப்காவின் ‘உருமாற்றம்’ (1915) முதல் வாக்கியத்திலேயே மனிதனைப் பூச்சியாக்கிவிடுகிறது. ஆனால் அந்த மனிதன் கிரேகோர் சாம்சாவின் கவலை எல்லாம் நான்கு மணிக்கு வைத்த அலாரம் கேட்காமல்போனதும், ஐந்து மணி ரயில் தவறியதும், அலுவலகத்தில் என்ன சொல்வார்கள் என்பதும்தான். அதிர்ச்சியைக் கதை உடனே அன்றாடத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவதால், பூச்சி என்பதைவிடக் குடும்பத்துக்காக உழைத்துத் தேய்ந்த மகன் என்பதே கேள்வியாகிறது. கடைசிவரை அந்தக் கேள்வி மாறுவதில்லை.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுவதும் ஈர்ப்பைக் கெடுத்துவிடாது. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) தன் நாயகன் 1960 ஜனவரி 5-ஆம் தேதி, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள், இறந்துபோனான் என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறது. இறப்பானா பிழைப்பானா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிட, இவன் யார், இவன் சாவைக் காம்யுவின் சாவோடு சேர்த்து நினைக்கும் இந்தக் கதைசொல்லிக்கு இவன்மேல் என்ன பித்து என்ற கேள்வி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நாவலுக்கு வேண்டியதும் அந்தக் கேள்விதான்.

“ஏதோ மர்மமாக இருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை”

‘அவள் அதைப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது அப்படியே இருந்தது’ என்று தொடங்கி, அவள் யார், அது எது என்பதை இரண்டு பக்கங்களுக்கு மறைப்பது மர்மமாகாது, மங்கலாகும். சோதிப்பதற்கு ஒரே கேள்வி போதும்: மறைக்கப்படுவது கதாபாத்திரத்துக்குத் தெரியுமா? அவளுக்கும் தெரியாதென்றால் வாசகர் அவளோடு சேர்ந்து தேடுவார். அவளுக்கு நன்றாகத் தெரிந்து, அவள் பார்வையிலேயே கதை போகும்போது கதைசொல்லி மட்டும் கையால் மூடிக்கொண்டிருந்தால், திறக்கும் நேரத்தில் வாசகருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பெயரையும் பொருளையும் வெளிப்படையாகத் தந்துவிட்டு நோக்கத்தை மட்டும் நிறுத்திவைப்பது பெரும்பாலும் இந்தக் கோளாற்றைத் தீர்த்துவிடும். கண்ணாடி பையில்தான் இருக்கிறது என்பதை மறைக்காமல் காட்டியதும் இதற்காகத்தான்.

“மொழி ஒட்டவில்லை”

தமிழில் எழுதுபவருக்கு இந்தக் கோளாறு மற்ற பல மொழிகளில் எழுதுபவர்களைவிட அதிகமாக வரும். எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையிலான தூரம் அவ்வளவு பெரியது. முதல் பத்தி ‘ஆதவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்’ என்ற நடையில் இருக்கும். நான்காம் பத்தியில் கதைசொல்லியே ‘கடுப்பாகிட்டா’ என்று எழுதுவார். இரண்டில் எதுவும் தனியாகக் குற்றமில்லை. முதல் பக்கம் வாசகருக்கு ஒரு காதைப் பழக்கிவிட்டு, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அதை மாற்றுவதுதான் உறுத்துகிறது.

முதல் பக்கத்தில் கதைசொல்லியின் வாக்கியங்களை மட்டும் தனியே எடுத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவை எழுத்து வழக்கில் இருப்பதென்றால் எல்லாமே அப்படி இருக்க வேண்டும். பேச்சு மேற்கோளுக்குள் மட்டும் வரட்டும். கதை முழுவதையும் பேச்சு வழக்கிலேயே சொல்வதென்றால் அது முதல் வாக்கியத்திலிருந்தே தொடங்க வேண்டும். வட்டார வழக்கில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ‘வரலீங்கண்ணா’ என்று கொங்கு வழக்கில் பேசிய மரகதம் மூன்றாம் பக்கத்தில் ‘வரல அண்ணே’ என்று பேசினால், கோவை ஈரோடு வட்டார வாசகர் அந்த இடத்திலேயே கதைமீது நம்பிக்கை இழப்பார். பழகாத வட்டாரத்தின் பேச்சை அரைகுறையாக எழுதுவதைவிட, உரையாடலைக் குறைத்துக்கொண்டு பொதுவழக்கில் நிற்பது மேல்.

கவனிக்கப்படாமல் போகும் இன்னொன்று, அவன், அவர் என்னும் மரியாதைத் தேர்வு. மேலே காட்டிய பகுதியில் மரகதம் ‘அவள்’; அதைத் தொடர்ந்து எழுதும்போது பழனிச்சாமி ‘அவர்’ ஆவார். இந்தத் தேர்வு கதைசொல்லியைத் தங்கைக்கு அருகில் நிறுத்தி, அண்ணனை அவள் பார்க்கும் உயரத்தில் வைக்கிறது. அவரை ‘அவன்’ என்று எழுதினால் கதைசொல்லி இருவரையும் சமமாக, சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவராகிவிடுகிறார். எது வேண்டும் என்பது கதையைப் பொறுத்தது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மாறினால், கதை யாருடையது என்ற தெளிவே போய்விடும். “யாரோடும் ஒட்ட முடியவில்லை” என்று வாசகர் குறைப்பட்டுக்கொள்ளும்போது, பாத்திரப் படைப்பைக் கிளறுவதற்கு முன்னால் இந்த ஈறுகளைப் பார்ப்பது நல்லது.

நாவலில்: “முதல் அத்தியாயமே முடிந்த கதை மாதிரி இருக்கிறது” அல்லது “இன்னும் தொடங்கவே இல்லை”

சிறுகதையின் முதல் பக்கத்துக்குச் சொன்னதெல்லாம் நாவலின் முதல் அத்தியாயத்துக்கும் பொருந்தும். அளவு மட்டும் வேறு. அத்தியாயத்துக்குள் எழுந்த கேள்வி அத்தியாயத்துக்குள்ளேயே தீர்ந்துவிட்டால் முதல் அறிகுறி தோன்றும். அப்போது கடைசிப் பத்தியை வெட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது அறிகுறி வரலாற்று நாவல்களில் மிகுதி. அரச மரபு, போர்கள், யார் யாருக்கு எதிரி என்பதையெல்லாம் முன்னுரையாகக் கொடுத்துவிட்டுத்தான் முதல் குதிரை கிளம்பும்.

கல்கி 1950-இல் வார இதழில் தொடராகத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னில் காலத்தைக் கடந்து வருமாறு வாசகரை அழைக்கும் சிறிய முகப்பு உண்டு, உடனே ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். சோழ நாட்டில் அதிகாரம் யார் கையில் என்பதைக் கதைசொல்லி விளக்கவில்லை. பண்டிகைக் கூட்டத்தின் நடுவே பழுவேட்டரையரின் பனைக்கொடி தோன்றும்போது மக்கள் எப்படி ஒதுங்குகிறார்கள் என்பதை வெளியூரிலிருந்து வந்த ஒருவன் பார்க்கிறான். வாசகரும் அவனைப் போலவே ஊருக்குப் புதியவர். விளக்க வேண்டியது அதிகமாக உள்ள உலகத்துக்குள், ஒன்றும் தெரியாத ஆளைக் காரியத்தோடு அனுப்புவது இன்றைக்கும் செல்லுபடியாகும் உத்தி. காரியம் முக்கியம், சும்மா சுற்றிப்பார்க்க வந்தவனிடம் யாரும் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

“தொடக்கம் நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் வேறொரு கதையின் தொடக்கம்”

மேலே உள்ள எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் இந்தக் குறை மிஞ்சினால், எழுதிக்கொண்டே போகும்போது முடிவு மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். மரகதம் கடைசியில் கையெழுத்திடாமல் எழுந்து போகிறாள் என்றால், கண்ணாடி பற்றிய பொய் அவளுடைய முதல் மறுப்பு. அந்தத் தொடக்கம் பொருந்தும். அவள் கையெழுத்திடுகிறாள் என்றால் அதே பொய் ஒரு கடைசித் தாமதம். அப்போதும் பொருந்தும், ஆனால் பத்திர எழுத்தர் வாசிப்பதை அவள் கேட்டுக்கொண்டிருப்பதற்கு அதிக இடம் தர வேண்டியிருக்கும். எழுதும் வேகத்தில் கதை பழனிச்சாமியின் குற்ற உணர்வை நோக்கித் திரும்பிவிட்டது என்றால் நிலைமை வேறு. பையில் நீட்டிக்கொண்டிருக்கும் பச்சை முனையைப் பார்த்துவிட்டுப் பேசாமலிருந்தவர் அவர்தான். தொடக்கம் அவர் பார்வைக்குப் போக வேண்டும், ‘அவள்’ என்பது ‘தங்கச்சி’ ஆக வேண்டும், கணமும் ஒருவேளை முத்திரைத்தாள் வாங்கும் வரிசைக்கு நகர வேண்டியிருக்கும். இந்த நிலையில் பழைய பக்கத்தை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவதைவிட, முடிவை எதிரில் வைத்துக்கொண்டு புதிய தாளில் எழுதுவதற்குக் குறைந்த நேரமே ஆகும்.

திருத்திய பக்கத்தைச் சோதிக்க, முன்பு படித்த நண்பரிடமே மறுபடி கொடுப்பதில் பயனில்லை; வெட்டிய தகவல்கள் அவர் நினைவில் இன்னும் இருப்பதால் இல்லாததையும் அவர் சேர்த்தே படிப்பார். கதையைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் முதல் பக்கத்தை மட்டும் கொடுத்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், இங்கே யாருக்கு என்ன சிக்கல் என்று தோன்றுகிறது என்று கேட்கலாம். அடுத்து நடக்கப்போவதாக அவர் ஊகிப்பது தவறாக இருக்கலாம். அவர் சொல்லும் சிக்கல் கதையின் சிக்கலாக இருந்தால், பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது பக்கத்துக்குப் போய்விடலாம்.